எம்.எம்.ஆர். ரிப்போர்ட்டில் ‘லாஸ்’ என்று இருந்தால்

பெருங்குடலிலோ கருப்பையிலோ இருந்த கட்டியை எடுத்த பிறகு வரும் பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் சில சமயம் நான்கு வரிகள் இருக்கும். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இன்டாக்ட்’ அல்லது ‘லாஸ்’ என்று எழுதியிருக்கும். மதுரையில் ஒரு லேபில் பயாப்சி பார்க்கிற மருத்துவர் நான். அந்த வரிகளை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எங்களை நோயாளிகள் பார்ப்பது அபூர்வம். ஆனாலும் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் சிலர் கவுன்ட்டரில் விசாரித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். “டாக்டரம்மா, லாஸ்னு போட்டிருக்கே, கட்டி போயிடுச்சுன்னு அர்த்தமா?” என்று கேட்பார்கள்.

அப்படி இல்லை. கட்டி செல்களில் இருக்க வேண்டிய ஒரு புரதம் இல்லை என்று அர்த்தம். டெங்கு, எச்.ஐ.வி., கொரோனா என்று எல்லா டெஸ்ட்டிலும் ‘நெகட்டிவ்’ வந்தால் கும்பிடு போட்டுப் பழகிவிட்டோம். இந்த டெஸ்ட்டில் அந்தப் பழக்கம் உதவாது. புரதம் இருக்கிற இடத்தில் நிறம் ஏறும்படி செய்கிற டெஸ்ட் இது. நிறம் ஏறியிருந்தால் சாதாரணம், அதுதான் ‘இன்டாக்ட்’. ஏறாமல் இருந்தால்தான் விசாரிக்க வேண்டிய விஷயம். சில லேப்களில் ‘லாஸ்’ என்பதற்குப் பதில் ‘நெகட்டிவ்’ என்றே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. படிப்பவர் நிம்மதியாக ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுவார்.

சரி, அந்த நான்கு புரதத்துக்கும் என்ன வேலை? ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். நகலில் பிழை விழாமல் இருக்காது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்து, வெட்டி, சரியானதைப் போட வைக்கிற கூட்டத்தில் முக்கியமான நான்கு பேர் இவர்கள். இந்தத் திருத்தும் வேலைக்குத்தான் எம்.எம்.ஆர். என்று பெயர். ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய மரபணு நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. சில குடும்பங்களில் இதில் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக வந்துவிடும். அதைத்தான் லிஞ்ச் சிண்ட்ரோம் என்கிறோம். இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் உடம்பில் எல்லா செல்லிலும் புரதம் உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கும். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்றைக்கோ குடலில் ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெட்டால், அந்த செல்லில் திருத்த ஆள் இல்லை. பிழைமேல் பிழை சேர்ந்து கட்டியாகிறது. அதனால் கட்டி செல்லில் அந்தப் புரதம் இருக்காது, பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லில் இருக்கும். இந்த வித்தியாசத்தை நிறத்தில் காட்டுவதுதான் இந்தப் பரிசோதனை. மீதியெல்லாம் விவரம்.

இந்தக் குடும்ப நோயை முதலில் எழுதிவைத்தவரும் ஒரு பயாப்சி டாக்டர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்ட்ரெட் வார்த்தினிடம் 1895-இல் அவருக்குத் தெரிந்த ஒரு தையல்காரப் பெண், தன் வீட்டு ஆட்கள் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்து இறந்ததாகவும் தானும் அப்படித்தான் போவோம் என்றும் சொல்லியிருக்கிறார். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இளவயதில் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைச் சேகரித்து 1913-இல் வெளியிட்டார். பிறகு நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹென்றி லிஞ்ச் இதே போன்ற குடும்பங்களைத் தேடித் தேடி ஆராய்ந்தார்; நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. எம்.எஸ்.எச்.2 மரபணு 1993-இலும் எம்.எல்.எச்.1 அதற்கடுத்த ஆண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தப் பெண் கையை விரித்துச் சொன்னதை இன்றைக்கு ஒரு கண்ணாடி ஸ்லைடில் பார்க்க முடிகிறது.

லேபில் நடப்பது

கட்டியிலிருந்து வெட்டிய துண்டு பாரஃபின் மெழுகில் பதிந்து ஒரு பிளாக்காக இருக்கும். டெக்னீஷியன் அதை மைக்ரோடோமில் மாட்டி 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவுவார். ஒன்றோடொன்று ஒட்டி நாடா மாதிரி வரும் அந்தச் சீவல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் ஸ்லைடால் ஏந்தி எடுப்பார். நான்கு புரதத்துக்கு நான்கு ஸ்லைடு. திசு கெடாமல் வைக்கிற பார்மலினில் ஊறியதால் மறைந்துபோன புரதத்தின் முகத்தைத் திறக்க, ஸ்லைடைக் கொதிநிலைக்கு அருகில் ஒரு கரைசலில் வைக்கிறார்கள். அப்புறம் அந்தப் புரதத்தை மட்டும் தேடி ஒட்டுகிற ஆன்டிபாடி. அது ஒட்டின இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் விழும்படி டி.ஏ.பி. என்கிற ரசாயனம். கடைசியாக மற்ற செல்கள் கண்ணுக்குத் தெரிவதற்காக ஹீமடாக்ஸிலின் என்ற நீலம். ஆக, பழுப்பு என்றால் புரதம் இருக்கிறது. வெறும் நீலம் என்றால் இல்லை.

ஆனால் நீலமாகத் தெரிந்தவுடன் ‘லாஸ்’ என்று எழுதிவிட முடியாது. ஸ்லைடை வைத்ததும் நான் முதலில் கட்டியைப் பார்ப்பதில்லை. கட்டிக்கு நடுவே எப்போதும் கொஞ்சம் லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்கள் சிதறிக் கிடக்கும். சின்னச் சின்ன உருண்டையான செல் கருக்கள் (நியூக்ளியஸ்). ஓரத்தில் நல்ல குடல் சவ்வு இருந்தால் அதன் குழிகளின் அடிப்பகுதி. இவற்றின் கரு பளிச்சென்று பழுப்பாக இருக்க வேண்டும். இவை நோயாளியின் நல்ல செல்கள். புரதம் கட்டாயம் இருக்கும். அது தெரிந்தால்தான் சாயம் வேலை செய்திருக்கிறது என்று நம்பலாம். பிறகுதான் கட்டி. உண்மையான ‘லாஸ்’ ஒன்றைப் பார்த்தால் சந்தேகமே வராது: கோணல்மாணலான சுரப்பிகள் எல்லாம் வெளிறிய நீலத்தில் நிற்கும், அவற்றைச் சுற்றியும் இடுக்கிலும் லிம்போசைட்டுகள் மிளகைத் தூவியதுபோல் கரும்பழுப்பில் கிடக்கும். இந்த வகைக் கட்டிக்குள் லிம்போசைட்டுகள் நிறையவே நுழைந்திருக்கும் என்பதால் அந்தக் காட்சி இன்னும் எடுப்பாக இருக்கும்.

லிம்போசைட்டும் நீலம், கட்டியும் நீலம் என்றால்? டெஸ்ட் தோற்றுவிட்டது, அவ்வளவுதான். திரும்பப் போட வேண்டும். எனவே உங்கள் ரிப்போர்ட்டில் ‘இன்டர்னல் கன்ட்ரோல்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ‘லாஸ்’ என்று எழுதிய ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லாவிட்டால், “உள் கன்ட்ரோல் சரியா இருந்துச்சா டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டால் யாரும் கோபப்பட மாட்டோம். கோபப்பட்டால் இரண்டாவது கருத்துக்கு வேறு லேபுக்குப் போங்கள்.

கருவில் விழும் நிறம்தான் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். செல்லின் மற்ற பாகத்தில் பழுப்பு விழுந்தால் அது சேர்த்தி இல்லை. எம்.எல்.எச்.1 ஆன்டிபாடியில் ஒரு ரகம், கருவுக்குள் புள்ளி புள்ளியாக மட்டும் நிறம் காட்டும். பழக்கம் இல்லாதவர் அதை ‘இன்டாக்ட்’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அது உண்மையில் இழப்பு. அந்த மாதிரி ஸ்லைடில் பி.எம்.எஸ்.2 சுத்தமாக இல்லாமல் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

எந்த வரியில் ‘லாஸ்’?

நான்கும் தனித்தனி ஆள் இல்லை, இரண்டு ஜோடி. எம்.எல்.எச்.1-உம் பி.எம்.எஸ்.2-உம் ஒரு ஜோடி. எம்.எஸ்.எச்.2-உம் எம்.எஸ்.எச்.6-உம் இன்னொன்று. எம்.எல்.எச்.1 வீடு என்றால் பி.எம்.எஸ்.2 அதில் இருக்கிற குடித்தனக்காரர். வீடு இடிந்தால் குடித்தனக்காரரும் தெருவுக்கு வந்துவிடுவார். குடித்தனக்காரர் காலி செய்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, வேறு ஆள் வருவார். எம்.எஸ்.எச்.2 வீடு, எம்.எஸ்.எச்.6 குடித்தனம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்துவிடும்.

எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் சேர்ந்து ‘லாஸ்’. அதிகம் பார்ப்பது இதைத்தான். இதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கும் வரும் என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். பொறுங்கள். இந்த வகையில் பெரும்பாலானவை பரம்பரை இல்லை. வயதானவர்களின் கட்டியில், மரபணு நன்றாகவே இருந்தும், அதன் தொடக்கப் பகுதியில் மீதைல் என்ற ரசாயனக் குறி ஒட்டிக்கொண்டு மரபணுவை வாயடைத்துவிடும். அது கட்டியோடு போய்விடுகிற விஷயம், பிள்ளைகளுக்கு இறங்காது. அதை எப்படிப் பிரித்துச் சொல்வது? பெருங்குடல் கட்டி என்றால் அதே பிளாக்கில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் அநேகமாகப் பரம்பரை இல்லை. இல்லை என்றால் மீதைல் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருப்பைக் கட்டிக்கு பிராஃப் டெஸ்ட் உதவாது. நேரே மீதைல் டெஸ்ட்டுக்குப் போக வேண்டும். இரண்டும் இல்லை என்றால்தான் ரத்தத்தில் எம்.எல்.எச்.1 மரபணுவைத் தேடச் சொல்வோம். ஆனால் நோயாளிக்கு வயது முப்பதுகளில் இருந்து, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குக் குடலில் வந்திருக்கிறது என்றால், மீதைல் முடிவு என்னவாக இருந்தாலும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் ‘லாஸ்’. இதில் பரம்பரைக்கு வாய்ப்பு மிக அதிகம். மீதைல், பிராஃப் என்று சுற்றிக்கொண்டிருக்காமல் நேரே ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம். அந்த டெஸ்ட் எழுதும்போது எம்.எஸ்.எச்.2-உடன் எப்கேம் என்ற மரபணுவையும் பார்க்கச் சொல்லுங்கள். எப்கேமின் வால் பகுதி அறுந்துபோனால், அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற எம்.எஸ்.எச்.2 தானாக அடங்கிவிடும். எம்.எஸ்.எச்.2-ஐ மட்டும் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் இதுதான் தப்பிப் போயிருக்கும்.

எம்.எஸ்.எச்.6 மட்டும் ‘லாஸ்’ என்றால் எம்.எஸ்.எச்.6 மரபணுவில்தான் முதல் சந்தேகம். இதில் ஒரு சிக்கல் உண்டு. மலக்குடல் புற்றுநோய்க்கு முதலில் ரேடியேஷனும் கீமோவும் கொடுத்துவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்வது வழக்கம். சிகிச்சைக்குப் பின் எடுத்த கட்டியில் எம்.எஸ்.எச்.6 நிறம் அங்கங்கே மங்கியோ இல்லாமலோ இருக்கலாம், பரம்பரைக்கு அதில் சம்பந்தம் இல்லாமலேயே. அப்போது ஆபரேஷனுக்கு முன் எடுத்த பயாப்சி பிளாக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த பிளாக் வேறு ஆஸ்பத்திரியில் இருக்கலாம், வாங்கிக் கொண்டுவர வேண்டியது உங்கள் பொறுப்பாகிவிடும்.

பி.எம்.எஸ்.2 மட்டும் ‘லாஸ்’ என்றால் முதலில் பி.எம்.எஸ்.2, அதில் ஒன்றும் இல்லையென்றால் எம்.எல்.எச்.1. பி.எம்.எஸ்.2 மரபணுவுக்கு டி.என்.ஏ.வில் அச்சாக அதைப் போலவே இருந்தும் வேலை செய்யாத பிரதி ஒன்று இருப்பதால் ரத்தப் பரிசோதனை குழப்பும். அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த லேபா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

நான்கும் ‘இன்டாக்ட்’. நல்லது. லிஞ்ச் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பூஜ்யம் இல்லை. சில மாற்றங்களில் புரதம் உருவாகும், சாயமும் ஒட்டும், வேலை மட்டும் செய்யாது. குடும்பத்தில் நிறையப் பேருக்கு வந்திருந்தால் நான்கு ‘இன்டாக்ட்’ உங்களைத் தடுத்து நிறுத்தக் கூடாது. அப்போது எம்.எஸ்.ஐ. என்ற இன்னொரு டெஸ்ட் உண்டு, அது டி.என்.ஏ.வில் பிழை குவிந்திருக்கிறதா என்று நேராகப் பார்க்கும். இன்னொன்று: கட்டி கிடைக்காமல், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோப்பியில் எடுத்த பாலிப்பில் (குடலில் வளரும் சின்னச் சதை முளை) இந்த டெஸ்டைப் போட்டு நான்கும் ‘இன்டாக்ட்’ என்று வந்தால் அதை வைத்து லிஞ்ச் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சிறிய பாலிப்பில் அந்த நல்ல பிரதி இன்னும் கெடாமல் இருக்கலாம்.

ரிப்போர்ட்டின் முடிவில் ‘பி.எம்.எம்.ஆர்.’ என்றிருந்தால் நான்கும் இருக்கிறது, ‘டி.எம்.எம்.ஆர்.’ என்றிருந்தால் குறை இருக்கிறது என்று சுருக்கம்.

உங்கள் ரிப்போர்ட்டில் இந்த நான்கு வரியே இல்லாமலும் இருக்கலாம். முன்பெல்லாம் ஐம்பது வயதுக்குள் வந்தவர்களுக்கும் குடும்பத்தில் பலருக்கு இருந்தவர்களுக்கும் மட்டும்தான் போட்டார்கள். அதில் நிறையப் பேர் விட்டுப்போனதால், பெருங்குடல் புற்றுநோய் வந்த எல்லாருக்கும் போட வேண்டும் என்று பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் மாறிவிட்டன. பிரிட்டனில் நைஸ் அமைப்பு 2017-இல் அப்படிச் சொன்னது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கும் அதே பேச்சுதான். நம் ஊரில் காசு ஒரு தடை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. நான்கு ஆன்டிபாடிக்குப் பதில் முதலில் பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டை மட்டும் போடலாம். வீடு இடிந்தால் குடித்தனக்காரர் இருக்க மாட்டார் அல்லவா? இரண்டு குடித்தனக்காரர்களும் இருந்தால் வீடுகளும் இருக்கின்றன. ஏதாவது ஒன்று இல்லை என்றால் மட்டும் மற்ற இரண்டைப் போட்டால் போதும். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

டப்பாவும் பிளாக்கும்

இது நோயாளியின் வீட்டார் கையில் இருக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சின்ன ஊர்களில் ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த குடலை ஒரு டப்பாவில் போட்டு வீட்டு ஆளிடம் கொடுத்து, லேபில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்பார்கள். அது சலைனில் வந்திருக்கிறது, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்திருக்கிறது, கையளவு பார்மலினில் மொத்தக் குடலும் திணிக்கப்பட்டு வந்திருக்கிறது. பார்மலின் உள்ளே ஊறாத திசுவில் புரதம் சிதைந்துவிடும். அப்புறம் எந்த ஆன்டிபாடி போட்டாலும் கட்டியின் நடுவே நிறம் பிடிக்காது. டப்பாவைக் கையில் வாங்கும்போதே பாருங்கள்: மூக்கைத் துளைக்கிற நெடி இருக்க வேண்டும், திசு முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும், திரவம் திசுவைப் போலப் பத்து மடங்காவது இருந்தால் நல்லது. பெரிய குடல் துண்டைத் திறந்து வைக்காமல் அப்படியே போட்டால் உள்ளே ஊறாது. அதைத் திறப்பது எங்கள் வேலை, நீங்கள் செய்ய வேண்டியது அன்றைக்கே கொண்டுவந்து சேர்ப்பது. கொலனோஸ்கோப்பியில் எடுக்கிற சின்னத் துண்டு சீக்கிரம் ஊறிவிடுவதால் பல சமயம் இந்த டெஸ்ட்டுக்கு அதுவே மேல்.

வேறு ஊரில் இரண்டாவது கருத்து கேட்கப் போகிறீர்களா? ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பயாப்சி செய்த இடத்தில் எழுதிக் கொடுத்து, கட்டி இருக்கும் பிளாக் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிளாக் தர மாட்டோம் என்றால், ஐ.எச்.சி.க்கு (இந்தச் சாயப் பரிசோதனையின் பெயர்) என்று சொல்லி பசை பூசிய ஸ்லைடில் சாயம் போடாத சீவல்களைக் கேளுங்கள். சீவி வைத்த ஸ்லைடை மாதக்கணக்கில் பையில் வைத்திருக்காதீர்கள், புரதத்தின் பிடிப்பு குறைந்துவிடும். பிளாக் மெழுகு. சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் இளகி உருக்குலைந்துவிடும். பஸ்ஸில் இன்ஜின் மேல் வைக்காதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு சொல்லாதது

‘லாஸ்’ என்பது தீர்ப்பு இல்லை. எந்த மரபணுவைத் தேட வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவே. லிஞ்ச் என்று உறுதி செய்வது ரத்தத்திலோ எச்சிலிலோ செய்யும் மரபணுப் பரிசோதனை. அதற்கு முன் மரபணு ஆலோசகரிடமோ, அந்த வேலையும் செய்கிற புற்றுநோய் மருத்துவரிடமோ உட்கார்ந்து பேசிவிடுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் துறையே தனியாக இருக்கிறது.

உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அதே பழுது இருக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு. இருப்பவர் எல்லாருக்கும் புற்றுநோய் வந்தே தீரும் என்பதில்லை. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 பழுது என்றால் வாழ்நாளில் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பாதிக்குப் பாதி அளவு ஆபத்து; பெண்களுக்குக் கருப்பையும் ஏறக்குறைய அதே அளவு. பி.எம்.எஸ்.2 என்றால் மிகவும் குறைவு. அவர்களுக்கு இளவயதிலிருந்தே, எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 என்றால் இருபது இருபத்தைந்து வயதிலிருந்து, ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கொலனோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள். பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். ஆஸ்பிரினும் உதவுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் பர்ன் தலைமையில் நடந்த கேப்2 ஆய்வில் தினம் 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குச் சில வருடம் கழித்துக் குடல் புற்றுநோய் குறைந்தது தெரிந்தது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். வயிற்றுப்புண்ணும் ரத்தக்கசிவும் வரக்கூடிய மருந்து அது.

நோயாளிக்கே இதில் லாபம் உண்டு. பரம்பரையோ இல்லையோ, டி.எம்.எம்.ஆர். கட்டியில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிமேல் ஏவுகிற இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறது. பெம்புரோலிசுமாப் மருந்துக்கு 2017-இல் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி, கட்டி எந்த உறுப்பில் இருக்கிறது என்று பாராமல் இந்தக் குறையை வைத்தே கொடுக்கப்பட்டது. 2022-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, இந்தக் குறை உள்ள மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்து, சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி கண்ணில் படாமல் மறைந்ததை வெளியிட்டது. சின்ன எண்ணிக்கைதான், விலையும் சாதாரண ஆளுக்கு எட்டாது. ஆனாலும் கீமோ தொடங்குவதற்கு முன்பே எம்.எம்.ஆர். முடிவு கையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குடும்ப விவரம் சேகரிக்கும்போது நம்மவர்கள் அப்பா வழியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணமாகிப் போன அத்தை, அம்மாவின் அக்கா தங்கைகள் கணக்கிலேயே வருவதில்லை. ‘கர்ப்பப்பையை எடுத்தாங்க’ என்பார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ‘மூலம் முத்திப்போய் செத்தார்’ என்றால் என்ன மூலம், எத்தனை வயதில்? பெரியப்பா வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் யாரையாவது நடுவில் வைத்துக் கேளுங்கள். இதில் இன்னொரு தயக்கமும் தெரியும்: வீட்டில் பெண் கல்யாணத்துக்கு இருக்கிறது, வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும். புரிகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணிடமே மறைக்காதீர்கள். கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டியது அவள்.

சொந்தத்தில் கட்டிக்கொள்கிற பழக்கம் இருப்பதால் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மாமா மகள், அக்கா மகள் என்று கட்டும்போது கணவன் மனைவி இருவரிடமும் அதே பழுது இருக்கலாம். அப்போது குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாகப் போய்ச் சேர நான்கில் ஒன்று வாய்ப்பு. அந்தக் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று வரும். உடம்பில் பால்காபி நிறத்தில் மச்சங்கள் இருக்கும். ஸ்லைடில் கட்டி மட்டும் இல்லாமல் லிம்போசைட்டும் நல்ல சவ்வும்கூட அந்த ஒரு புரதத்துக்கு நீலமாகவே நிற்கும். மற்ற மூன்று ஸ்லைடிலும் எல்லாம் சரியாக இருந்து ஒன்றில் மட்டும் இப்படி வந்தால், திரும்பப் போட்டும் அப்படியே வந்தால், டெஸ்ட் தோற்றுவிட்டது என்று தள்ளக் கூடாது. குழந்தையின் பயாப்சி என்றால், பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள் என்பதைப் படிவத்தில் எழுதுங்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள்.

இதைப் படிக்கும் சிலருக்கு நோயாளி இப்போது உயிரோடு இல்லாமல் இருக்கலாம். அப்பா குடல் புற்றில் போய் சில வருடம் ஆகிவிட்டது, யாரும் இந்த டெஸ்டைச் சொல்லவில்லை என்றால், பிளாக்கைத் தேடிப் பார்க்கலாம். பெரிய ஆஸ்பத்திரிகள் பிளாக்குகளை வருடக்கணக்கில் வைத்திருக்கும்; ஒழுங்காக வைத்த பழைய பிளாக்கில் இந்தச் சாயம் நன்றாகவே பிடிக்கும். பழைய ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் பயாப்சி எண் ஒன்றும் வருடமும் இருக்கும். அதன் ஜெராக்ஸ், இறப்புச் சான்றிதழ், நீங்கள் மகனோ மகளோ என்று காட்ட ஓர் அடையாள அட்டை, ஒரு விண்ணப்பக் கடிதம். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு நேரே பெத்தாலஜி துறைக்குப் போங்கள்; வார்டிலோ ரிசப்ஷனிலோ கேட்டால் பிளாக் என்றால் என்னவென்றே தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.